ரவிக்கைத் துணியாகிப் போன திரைச்சீலை

சிட்லபாக்கம்

அன்புள்ள சின்மயிக்கு,

இங்கே அப்பாவும் நானும் சுகம், நீயும் ஜெய்ப்பூர்க் குளிரில் சளி பிடிக்காமல், வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். அப்பாவுக்கு முட்டி வலிதான், இருந்தாலும் ஏரிக்கரை நடையை விடுவதில்லை. இந்த மழைக்கு நம் தெருவில் தண்ணீர் நிற்கவில்லை, மோட்டார்தான் புகைந்துபோய் மாற்ற வேண்டியதாயிற்று. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். வீடியோவில் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

நீ வரைந்த டிசைன் முதல்முதலாக அச்சாகி வந்ததும், ஹால் ஜன்னலுக்குத் திரைச்சீலை தைத்துக்கொள்ளச் சொல்லித் துணி அனுப்பினாயே, போட்டோ அனுப்பும்மா என்று நீ கேட்கும்போதெல்லாம் டெய்லரிடம் இருக்கிறது என்றேனே, அது பொய். அது எந்த டெய்லரிடமும் போகவில்லை. பார்சலைப் பிரித்ததும் ஆரஞ்சும் கிளிப்பச்சையும் கத்தரிப்பூ நிறமுமாகக் கண் கூசியது, நைட்டித் துணி மாதிரி இருக்கிறதே, இதை ஹாலில் மாட்டினால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று அப்பாவிடம் சொல்லி அலமாரியில் வைத்துவிட்டேன். இதற்கா இவ்வளவு படிக்க வைத்தோம் என்றுகூடச் சொன்னேன். நவராத்திரியில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்க ரவிக்கைத் துணி போதவில்லை, குரோம்பேட்டை வரை போகச் சோம்பல், மெல்லிய பருத்திதானே என்று உன் துணியைக் கத்தரித்து மடித்துக் கொலு பார்க்க வந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். இந்த ரவிக்கைத் துணியை யார் தைக்கிறார்கள், வீட்டுக்கு வீடு கை மாறிக்கொண்டே இருக்கும் என்ற தைரியம்தான்.

போன வாரம் எதிர்வீட்டு எப்சி டீச்சர் என்னைக் கூப்பிட்டாள். கொலுவுக்கு வந்தபோது நான் கொடுத்த துணியைக் குஷன் உறையாகத் தைத்து சோபாவில் போட்டிருந்தாள். அக்கா, இது உங்க மொட்டை மாடிதானே, கொடியில துணி காயப்போடறது நீங்கதானே, அதே பச்சை நைட்டி, தோள்ல துண்டு, பின்னாடி நம்ம ஏரி, இதைப் போயி யாராச்சும் வெட்டுவாங்களா என்றாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். நான்தான். பூ என்று நான் நினைத்த ஆரஞ்செல்லாம் கொடியில் காற்றுக்கு உப்பிய என் புடவைகள். உடம்பெல்லாம் கூசிப்போயிற்று எனக்கு. நீ என்னை அவ்வளவு உற்றுப் பார்த்திருக்கிறாய், நான் நீ வரைந்ததை ஒரு தரம்கூட ஒழுங்காகப் பார்க்கவில்லை. ஏன் இவள் சொல்லவில்லை என்று முதலில் உன்மேல்தான் கோபம் வந்தது. நானாகக் கண்டுபிடிக்கட்டும் என்றுதான் போட்டோ போட்டோ என்று கேட்டாய் என்பது பிறகுதான் உறைத்தது. 

கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது எவ்வளவு மானக்கேடு என்று உனக்குத் தெரியும். ஆனாலும் வீடு வீடாகப் போனேன். எப்சி குஷன் உறையைப் பிரித்தே கொடுத்துவிட்டாள். அபிதகுஜாம்பாள் மாமி, வெத்தலை பாக்கோட குடுத்ததைத் திருப்பிக் கேக்கறவளை இப்பத்தான் பாக்கறேன் என்று தெருவுக்கே கேட்கச் சொல்லிவிட்டுக் கொடுத்தார். அஸ்தினாபுரம் தேவதர்ஷினி மட்டும் ரவிக்கையாகவே தைத்துவிட்டாள், அவள் முதுகில் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கிறேன், அதை எப்படிக் கேட்பது. வந்த துண்டுகளை நானே மிஷினில் ஒட்டுப்போட்டேன். கத்தரி போன இடங்களில் எனக்குத் தலையும் உடம்பும் சேரவில்லை. தேவதர்ஷினியின் துண்டு வராததால் நடுவில் ஓர் ஓட்டை விழுந்தது, எந்தத் துணியை வைத்தாலும் பொருந்தவில்லை, கடைசியில் அந்தப் பச்சை நைட்டியையே வெட்டி வைத்துத் தைத்தேன். நிறம் துளிகூட மாறவில்லை, எப்படித்தான் பார்த்து வைத்தாயோ.

ஹால் ஜன்னலில் மாட்டியாயிற்று. வருகிறவர்களிடம் என் பெண் போட்ட டிசைன் என்று நானே முந்திக்கொண்டு சொல்கிறேன், ஏன் இத்தனை ஒட்டு என்று கேட்டால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். போட்டோ அனுப்ப மட்டும் வெட்கமாக இருக்கிறது. பொங்கலுக்கு வந்து நேரில் பார், திட்டுவதானால் திட்டு, வராமல் மட்டும் இருந்துவிடாதே.

நீ தீர்க்காயுசாக, கை நிறைய வேலையோடு நன்றாக இருக்க வேண்டும். டிக்கெட்டை இன்றைக்கே போட்டுவிடு.

தலைகுனிந்து நிற்கும் உன் அம்மா,
ஸ்ரீவித்யா