சங்கு ஊதாத ஆபீஸ்

அம்மா,

இன்று மாலை தக்கலையிலிருந்து வரும் பஸ்ஸில் ஒரு பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முகத்தைப் பார்க்கும் முன்பே மணம் வந்துவிட்டது. வறுத்த முந்திரித் தோட்டின் மணம். புகையும் எண்ணெயும் கலந்து தொண்டையில் லேசாகக் காறும் மணம். முன் சீட்டில் இருந்தவர் துண்டை எடுத்து மூக்கருகே வைத்துக்கொண்டார். நான் நகரவில்லை. அவள் தோளோடு ஒட்டியே இருந்தேன்.

நீ வீட்டுக்குள் நுழையும்போது உனக்கு முன்னால் அதுதான் நுழையும். முந்திரித் தொழிற்சாலையை நம் பக்கத்தில் அண்டியாபீஸ் என்கிறோம். நான் கல்லூரியில் சேர்ந்தபோது, "யாராவது கேட்டா அம்மை ஆபீஸுல வேலைன்னு சொல்லு. உக்காந்து செய்யுத வேலைதானே" என்று நீயே சொல்லித் தந்துவிட்டுச் சிரித்தாய். காலையிலிருந்து வேலை முடியும் சங்கு ஊதும் வரை குத்தவைத்து உட்கார்ந்து தோடு உடைத்த கைகள் உன்னுடையவை. தோட்டு எண்ணெய் பட்டு விரல்கள் கரிந்திருக்கும். தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் போகாது. கல்லூரி விட்டு நான் வரும் சத்தம் கேட்டால் அடுக்களையிலிருந்து "வந்தியா?" என்பாய். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகுதான் செருப்பைக் கழற்றுவேன்.

நான் நாகர்கோவிலில் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாளில் உனக்கு அந்தச் சூக்கேடு வந்தது. நோய் என்ற சொல்லைக்கூட நீ சொன்னதில்லை, சூக்கேடுதான். சுனாமி வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அப்பா அதற்கெல்லாம் முன்பே போய்விட்டார். திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிக்கு நாம் இருவரும்தான் போய் வந்தோம். கடைசியாகப் போன அன்று டாக்டர் என்னை மட்டும் உள்ளே அழைத்தார். இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார். பாடம் கேட்பவளைப் போலத் தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன்.

"என்ன சொன்னாவ?"

"இனி இங்க வரண்டாமாம்."

"நல்லது. பஸ்ஸுல கிடந்து குலுங்க எனக்கு ஒக்காது" என்றாய். உனக்குப் புரிந்ததா புரியவில்லையா என்று பஸ் ஸ்டாண்டு வரை உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். நீ ஆரஞ்சு வாங்கச் சொன்னாய்.

அதன் பிறகு வந்தது வலி. எழுதிக் கொடுத்த மாத்திரைகள் அதைத் தொடவே இல்லை. பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாதென்று சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு கிடப்பாய். அந்தத் தலைப்புகளில் பல் பதிந்த ஓட்டைகள் விழுந்தன. ஊசி போட வந்த நர்ஸம்மாதான் ஒரு நாள் என்னைத் தனியே அழைத்து, மேற்கே ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஓர் இடத்தைப் பற்றிச் சொன்னாள். குணப்படுத்த மாட்டார்கள், ஆனால் வலியில்லாமல் பார்த்துக்கொள்வார்கள்.

தெரியாதவர்களிடம் போனில் பேச எனக்கு அப்போதும் பயம். கிணற்றுக்குப் பின்னால் போய் நின்று, சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் அழைத்தேன். "எங்க அம்மாவுக்கு" என்பதற்கு மேல் வரவில்லை. அழுகைதான் வந்தது. எதிர்முனையில் இருந்த சிஸ்டர் பொறுமையாகக் காத்திருந்தார். "மோளே, அழுது கரைஞ்சா எனக்கு ஊருபேரு கேக்காது. பைய சொல்லு" என்றார். எல்லாம் கேட்டுவிட்டு, "கட்டில் இருக்கு. ஆனா ஆளு மனசோட வரணும். அம்மைகிட்ட கேட்டியா?" என்றார்.

அதுதான் என்னால் முடியாததாக இருந்தது. அந்த இடத்துக்கு என்னிடம் தமிழில் ஒரு சொல் இல்லை. நர்ஸம்மா சொன்ன இங்கிலீஷ் சொல்லையே சொன்னேன்.

"அம்மா, ஒரு இடம் இருக்கு. ஹாஸ்பிஸ்னு சொல்லுவாவ."

"என்ன ஆபீஸு?"

"ஆபீஸ் இல்லம்மா. ஹாஸ்பிஸ்."

"அதான் கேக்கேன், எந்த ஆபீஸு? எனக்கு இனி வேலைக்குப் போக ஒக்காது மக்கா. அவியகிட்ட சொல்லிரு."

விளையாட்டாகச் சொல்லவில்லை. உன்னை மறுபடி குத்தவைத்து உட்காரச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் உன் கண்ணில் இருந்தது. அடுக்களைக்குப் போய்ச் சற்று நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். நோவுக்கு மருந்து தருவார்கள், அங்கேயே இருக்க வேண்டும் என்றேன். எத்தனை நாளைக்கு என்றாய். உன் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். நீ கூட இருப்பியா என்றாய். சனிக்கிழமை வருவேன், ஞாயிறு இருப்பேன் என்றேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாய்.

விஷயம் எப்படியோ மாமா காதுக்குப் போனது. உனக்கென்று இருந்த ஒரே தம்பி. பையில் பழங்களோடு வந்தவர் அதைக் கீழே வைக்கவும் இல்லை.

"ஏட்டி, பெத்த தாயைக் கொண்டுபோய் வேதக்காரங்க மடத்துல தள்ளப் போறியா? நாலு எழுத்துப் படிச்சா அம்மையைத் தூக்கிக் களையலாம்னு காலேஜுல சொல்லித் தந்தாவளா? வேற டாக்டரைக் காட்டுவோம். வீட்டை வித்தாவது காட்டுவோம்."

வாசலில் அக்கம்பக்கத்துக்காரர்கள் வந்து நின்றார்கள். நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அப்போதுதான் உள்ளேயிருந்து உன் குரல் கேட்டது.

"ஏலே, சத்தம் போடாதே. அது மடம் இல்ல, ஆபீஸு. எனக்கு அங்க வேலை கிடைச்சிருக்கு."

மாமா திகைத்தார். "ஒனக்கு இனி என்ன வேலை, அக்கா?"

"கிடக்கது. சும்மா கிடக்கதுதான் வேலை. இத்தனை காலம் எனக்கு எவனும் தராத வேலை. நான் போகட்டா, வேண்டாமா? நீயே சொல்லு."

வாசலில் யாரோ சிரித்துவிட்டார்கள். மாமா நிலைப்படியில் உட்கார்ந்து, பழப் பையை மடியில் வைத்துக்கொண்டு குலுங்கி அழுதார். இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். மறுநாள் ஜீப் பிடித்து வந்தது அவர்தான். உன்னைத் தூக்கி உட்கார வைத்ததும் அவர்தான். நான் போர்வையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அங்கே முதல் மருந்து உள்ளே போன பிறகு நீ தூங்கியதைப் பார்த்து நான் பயந்துபோனேன். அப்படித் தூங்கி உன்னைப் பார்த்து மாதங்களாகியிருந்தன. எழுந்ததும் சாயா கேட்டாய். பாதி குடித்துவிட்டு, "இந்த ஆபீஸுல சங்கு ஊதாதா?" என்று சிஸ்டரிடம் கேட்டாய்.

"ஊத மாட்டோம் அம்மச்சி. இஷ்டம்போல கிடக்கலாம்."

காலையில் உன் நெற்றியில் வெள்ளை நாமம் நீயே இட்டுக்கொள்வாய். கை நடுங்கத் தொடங்கிய பிறகு கழுத்தில் சிலுவை தொங்க சிஸ்டர் குனிந்து இட்டுவிட்டு, "நேரா இருக்கா?" என்று பக்கத்துக் கட்டிலைக் கேட்பார். பக்கத்துக் கட்டிலில் கடற்கரைக்காரி ஒருத்தி. "இவ மீன் வித்த கதை சொல்லுதா, நான் அண்டி கதை சொல்லுதேன். கதைக்குக் கதை, கச்சவடம் நல்லா நடக்கு" என்றாய் ஒரு சனிக்கிழமை. இன்னொரு சனிக்கிழமை விரல்களை விரித்துக் காட்டினாய். வேலை இல்லாமல் கிடந்ததில் கரி முழுதும் உதிர்ந்து, வெளுத்த புதுத் தோல் வந்திருந்தது. "நோக்கு, ஆபீஸரம்மாக்க கை மாதிரி ஆயாச்சு." நானும் சிரித்தேன். பஸ்ஸில் திரும்பும்போது அந்தக் கையை யாருடையது என்று நினைப்பதெனத் தெரியவில்லை.

எப்போது வந்தாலும் கண்ணைத் திறக்காமலே "வந்தியா?" என்பாய். வராந்தாவில் என் செருப்புச் சத்தம் உனக்குத் தெரியும். கடைசிச் சனிக்கிழமை நீ அப்படிக் கேட்கவில்லை. கட்டிலருகே நின்றேன். "காது கேக்கும் மோளே, பேசு" என்றார் சிஸ்டர். அத்தனை பேர் நடுவில் எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. வந்த வழியைச் சொல்லத் தொடங்கினேன். தக்கலையில் சீட்டு கிடைக்கவில்லை, மேக்காமண்டபத்தில்தான் கிடைத்தது, வேர்க்கிளம்பியில் ஒருவர் கூடையோடு கோழியை ஏற்றிவிட்டார், கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டார் என்று. உன் உதடு லேசாக இழுபட்டது. சிரிப்பு என்றுதான் வைத்துக்கொண்டிருக்கிறேன். கோழிக்காரர் இறங்கும் இடத்துக்கு நான் சொல்லி வருவதற்குள் நீ போயிருந்தாய். வெளியே நல்ல வெயில்.

இன்று பஸ்ஸில் அந்தப் பெண் வெகுநேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள். "நீ எங்ககூட வேலை செய்தவளுக்க மொவதானே?" அண்டியாபீஸில் உனக்கு இரண்டு ஆள் தள்ளி இருந்தவளாம். அவள் வீட்டுக்காரருக்கும் டாக்டர் கையை விரித்தாயிற்று. வலி தாங்காமல் சுவரில் முட்டிக்கொள்கிறாராம்.

"ஒனக்க அம்மை கடைசியில போன ஆபீஸ் ஒண்ணு உண்டே, அதுக்கு வழி தெரியுமா மக்கா?"

நீ சொன்ன பேச்சு அண்டியாபீஸில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான் தலையாட்டினேன்.

"அங்க எங்க வீட்டுக்காரரு என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யண்டாம் அக்கா. கிடக்கதுதான் வேலை."

கரிந்த விரல்களால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அந்தக் கையை எடுக்கவே இல்லை. நான் அங்கேயே போனை எடுத்தேன். பஸ் இரைச்சலில் சிஸ்டருக்குச் சரியாகக் கேட்கவில்லை. எழுந்து நின்று, பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி, ஊரையும் பேரையும் சத்தமாகச் சொன்னேன். ஆளிடம் கேட்டாயிற்றா என்றார் சிஸ்டர். இன்று கேட்பார்கள் என்றேன். வீட்டுக்காரரிடம் எப்படிக் கேட்பது என்று அவளுக்கு நான் சொல்லித் தரவில்லை. அவளுக்கு ஒரு சொல் கிடைத்திருக்கிறது, அது போதும்.

என் நிறுத்தத்தில் இறங்கி நடந்தேன். சட்டைத் தோளில் அந்த மணம் கொஞ்சம் ஒட்டியிருந்தது. பூட்டைத் திறந்து, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன். பிறகு, "வந்துட்டேம்மா" என்று சொல்லிவிட்டு விளக்கைப் போட்டேன்.