செல்வம் கடைசியாகத் தொட்ட ஃபைல்

12 ஆகஸ்ட் 2004, வியாழன்

"ஒரு ஃபைலைத் தேட இம்மா நேரமா மாமு? கடைசியா தொட்டது மேல வர்ற மாரி வச்சிக்க" என்று பக்கத்து சீட்டு செல்வம் சொல்லிக்கொண்டே இருப்பான். எண்ணூர் ரோட்டில் லாரி அவனை அடித்துப் போட்டு மூன்று மாசம் ஆகிறது. இன்றைக்குத்தான் அதைச் செய்தேன். புரோகிராம் எழுதுகிற எடிட்டரில் வரும் ஃபைல் பட்டியலைத் தேதி வரிசைக்கு மாற்றினேன்.

வேலை நிஜமாகவே வேகமாக ஓடியது. ஆனால் துறைமுகத்துக் கன்டெய்னர் கணக்குக்கு அவன் எழுதிய புரோகிராம் பட்டியலின் அடிக்குப் போய்விட்டது. பக்கத்தில் அவன் கடைசியாக சேவ் செய்த தேதியும் நேரமும் இருந்தன. அதை முடித்துவிட்டுத்தான் அன்றைக்கு பைக்கை எடுத்தான்.

அது அடியில் கிடப்பது பொறுக்கவில்லை. திறந்து, ஒரு எழுத்தும் மாற்றாமல் சேவ் செய்தேன். மேலே வந்துவிட்டது. பக்கத்தில் இன்றைய தேதி, நான் அழுத்திய நேரம்.

என் முகத்தைப் பார்த்து எதிர் சீட்டு மேரி கேட்டாள், "இன்னாண்ணா, எதுனா அழிஞ்சிபோச்சா?"

"இல்லம்மா, எல்லாம் அப்படியேதான் கீது" என்றேன்.

அவனுடைய நேரத்தை இங்கேயாவது எழுதி வைக்கலாம் என்று நோட்டை எடுத்தேன். ஆறு நாற்பதா, ஆறு நாற்பத்தாறா, ஞாபகம் வரமாட்டேன் என்கிறது.