லென்ஸ் இல்லாத பாடி

ஜூலை 2, புதன்

காலையிலிருந்து சாரல். துணி எதுவும் காயவில்லை. கடையில் பட்டுப்புடவை கேட்டலாக். நாள் முழுக்க டிஜிட்டல் கேமராவில் ஜரிகையைப் படமெடுத்தேன். கண் எரிச்சல்.

எனக்கு ஒரு ரேஞ்ச்ஃபைண்டர் ஃபிலிம் கேமராவின் பாடி வேண்டும், லென்ஸ் இல்லாத வெறும் பெட்டி. லென்ஸ் இருக்கிறது. ஐம்பது மி.மீ., எஃப் 1.8, திருகிப் பொருத்தும் பழைய ஜப்பான் கண்ணாடி, பூஞ்சை ஒரு பொட்டுக்கூட இல்லை. பாடி ச.விடம். சேர்ந்து வாங்கினோம், அவன் பாடி, நான் லென்ஸ். பிரிந்தபோது அவரவர் பொருள் அவரவருக்கு. எவ்வளவு நாகரிகம். இப்போது இரண்டு பேரிடமும் படம் எடுக்க முடியாத ஒரு சாமான்.

ச.வுக்குப் பல்லடத்தில் பெரிய கோழிப்பண்ணை வீடு. சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பெண் சரிப்படாது என்றார்கள். சரி என்று தலையாட்டிவிட்டான். கடைசி மெசேஜ்: "நல்லா இருங்க." நான்கு வருடம் என்னை 'டீ' போட்டுக் கூப்பிட்டவன். மரியாதை கொடுத்து வெளியே தள்ளுகிற ஊர் இது.

பாடிகள்:
ரஷ்யன். மலிவு. ஷட்டர் துணியில் ஓட்டை இருக்கும். சாவித்துவாரம் மாதிரி ஃபைண்டர்.
அறுபதுகளின் ஜப்பான். கனம், அழகு. உள்கண்ணாடி மங்கியிருந்தால் இரண்டு பிம்பம் ஒன்று சேர்வது தெரியாது. குத்துமதிப்பு ஃபோகஸ்.
ஜெர்மன். கிட்னியை விற்றால்.

ஜூலை 3, வியாழன்

டவுன்ஹால் பக்கம் ரஹீம் பாய் கடை. அந்தக் கேமராவை எங்களுக்கு விற்றவர். எனக்கு முன்னால் ஒரு பையன், புதுத் தாடி:

"ரீல்ஸ்ல காட்டத்தானுங்க பாய். படம் உளுகலீன்னாலும் பரவால்ல."

"அப்ப சோப்பு டப்பாவத் தூக்கிட்டுப் போங்க தம்பி, வெல கம்மி."

நல்ல பாடி எதுவும் வரவில்லையாம். "கூட வருவாரே ஒரு தம்பி, எங்கீங்க அம்மணி?"

"செத்துட்டான் பாய்."

"அட ஏனுங்க!"

"சும்மா சொன்னேன்."

நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. பேச்சை மாற்றினார். யாரோ ஒரு பெண் லென்ஸ் விசாரித்தாளாம். "எனக்கு விக்கத்தானுங்க தெரியும், எது ஒசத்தின்னு நீங்கதான் சொல்லோணும். உங்க நம்பரக் குடுத்துப்போட்டேன்." என்னைக் கேட்காமலே. வழி நெடுகத் திட்டிக்கொண்டு வந்தேன்.

ஜூலை 4, வெள்ளி

அந்தப் பெண் கூப்பிட்டாள். நந்தினி. கிணத்துக்கடவு. ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளையிடம் லென்ஸ் இல்லாத ஒரு கேமரா சும்மா கிடக்கிறது, அதற்கு லென்ஸ் பரிசு.

"ஏனுங்க்கா, முப்பத்தஞ்சா அம்பதாங்க?"

ஐம்பது என்றேன். முப்பத்தைந்து விலை இரண்டு மடங்கு. எஃப் 1.4 பெருமைக்கு, எஃப் 2 போதும், வெளிச்சம் குறைந்தாலும் முகத்தில் விவரம் நிற்கும். ரஷ்ய லென்ஸ் கொடுக்கிற காசுக்கு நல்ல படம் தரும், ஆனால் ஜப்பான் பாடியில் கிட்டத்து ஃபோகஸ் தப்பும். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். எனக்குப் பிடித்துவிட்டது அவளை.

"அவரு எங்கூட ஒண்ணுமே பேசமாட்டீங்கறாருங்க்கா. சாப்டாச்சா, சரி, வெக்கட்டுமா. அவ்வளவுதேன். இதக் குடுத்தா இதப் பத்தியாச்சும் பேசுவாரல்லங்க?"

பேசுவார் என்றேன்.

"ஒரே ஒரு தடவ சொன்னாருங்க. பாடி வெறும் இருட்டுப்பெட்டி, காசு லென்ஸுலதான் போடோணும்னு."

அது என் வாக்கியம். யார் வேண்டுமானாலும் சொல்லலாம்தான். பாடியைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன்.

ஜூலை 5, சனி

படம் வந்தது. கேமராவின் தோள்வாரைப் பார்த்தேன். நீல டெனிம். என் பழைய ஜீன்ஸை வெட்டி நான் தைத்தது.

ச. அவளிடம் சொன்ன கதை: சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கேமராவாம். லென்ஸ் ரிப்பேருக்குப் போய்த் தொலைந்துவிட்டதாம். அவன் தங்கைதான் அவனுக்குத் தெரியாமல் நந்தினியிடம் எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

ரிப்பேர். நான் ரிப்பேர்.

ஒரு டம்ளரைப் போட்டு உடைத்தேன். அம்மா வாசற்படியில் நின்றபடி, "அவம்மேல இருக்கற கோவத்துல எம் பாத்தரத்த ஒடைக்காத கண்ணு. செட்டுல ஒண்ணு கொறஞ்சு போச்சு."

பெரிதாக்கிப் பார்த்தேன். ஃபிரேம் எண் காட்டும் சின்ன ஜன்னலில் பூஜ்யம் இல்லை. உள்ளே ஃபிலிம் ரோல் பாதியில். கழற்றவே இல்லையா, சோம்பேறி நாய்.

ஜூலை 6, ஞாயிறு

சர்ச்சில் பூசையில் மனம் இல்லை. மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம். எழுந்து வெளியே வந்து வண்டி ஸ்டாண்டில் நின்றேன்.

மதியம் நந்தினியின் வாய்ஸ் மெசேஜ். "உள்ள ஏதோ இருக்குதுங்க்கா, கொமிழு சுத்தமாட்டீங்குது. தொறந்து பாக்கட்டுங்களா?"

'திற' என்றால் போதும். ஒரு வினாடி வெளிச்சம் பட்டால் ஃபிலிமில் எல்லாம் காலி. அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவனுக்கும் நல்லது. எனக்கும்.

அந்த ரோலில்: வால்பாறை பஸ். வாடகை வீட்டுச் சமையல்மேடை. அவன் தூங்குவது. நான், அவன் சட்டையில், தலை ஈரம். அதை எடுத்தது அவன். நல்ல படமாகத்தான் இருக்கும். ஜன்னலோர வெளிச்சம்.

"தொடாதீங்க, நாளைக்குச் சொல்றேன்" என்று மட்டும் அனுப்பினேன்.

அழித்தால் அவன் தப்பிக்கிறான். அழிக்காவிட்டால் நான் அந்தச் சட்டையில் அவள் கையில். அவளுக்காகத்தான் என்றெல்லாம் எழுதமாட்டேன். பழிதான், பெரும்பகுதி. ஆனால் அந்தச் "சாப்டாச்சா, சரி" மண்டையை விட்டுப் போகவில்லை. ஆயுள் முழுக்க அதையே கேட்கப்போகிறாள், தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டு.

ஜூலை 7, திங்கள்

சாப்பாட்டு வேளையில் கடை மாடிப்படியில் உட்கார்ந்து கூப்பிட்டேன்.

"கைலதான் வெச்சிருக்கனுங்க்கா. இந்தக் கொமிழ மேல இழுத்தாப் பின்னாடி கதவு தொறக்குமுன்னு வீடியோல..."

"இழுக்காதீங்க!" படியில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பயந்துட்டனுங்க்கா."

"கீழ ஒரு சின்ன பட்டன். அழுத்துங்க. இப்ப கொமிழ அம்புக்குறிப் பக்கமாச் சுத்துங்க. இறுக்கமா இருக்கும். திடீர்னு லேசாகும், ஃபிலிமு டப்பாக்குள்ள போயிருச்சுன்னு அர்த்தம். அதுக்கப்பறம் தொறங்க."

அவள் மூச்சு. சுற்றுகிற சத்தம்.

"லேசாயிருச்சுங்க்கா."

"அந்த ரோல ரஹீம் பாய் கிட்டக் குடுங்க. கழுவி பிரிண்டு போட்டுத் தருவாரு. மாப்பிள்ளைக்குக் காட்டறதுக்கு முன்னால நீங்க பாருங்க. தனியா."

"சரிங்க்கா. அப்ப லென்ஸு?"

"மொதல்ல படத்தப் பாருங்க. பாத்ததுக்கப்பறமும் லென்ஸ் வேணும்னாக் கூப்புடுங்க."