முன்கூட்டியே சொன்ன சாட்சி

அக்கா,

இன்று காலை கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண் முழங்காலில் நீலகிரித் தைலம் தேய்த்துக்கொண்டாள். கவரப்பேட்டை தாண்டும்போது பஸ் முழுக்க அந்த வாசனை. ஜன்னலைத் திறக்கச் சொல்லி எல்லாரும் கத்தினார்கள். நான் மட்டும் நன்றாக மூச்சை இழுத்துவிட்டேன். உன் கை அப்படித்தானே மணக்கும். பக்கத்தில் நீதான் இருக்கிறாய் என்று திரும்பிக்கூடப் பார்த்துவிட்டேன்.

அத்திப்பட்டுப் பக்கம் ஒரு ஷெட்டுக்குக் கூரை போட ஏறிய என் வீட்டுக்காரர், கீழே விழுந்து முதுகில் அடிபட்டுப் படுத்த படுக்கையானது ஞாபகம் வந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை. சென்னையில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எழுந்து நிக்கறது ரொம்பக் கஷ்டம்மா. இதுக்குப் பழகிக்கோங்க" என்றார். பேக்கிங் லைனில் உனக்கு எதிரே நின்று டப்பா மடித்துக்கொண்டே இதை உன்னிடம் சொன்னேன். நீ பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே இருந்தாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி நேரம் வந்தது. நம் சபை வழக்கம் உனக்குத் தெரியாததா? வேண்டினது கிடைத்தவர்கள்தான் எழுந்து சொல்வார்கள். காய்ச்சல் விட்டது, பிள்ளை பாஸானது, வேலை பெர்மனெண்ட் ஆனது, இப்படி. நீ முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு எழுந்தாய். "இவ ஊட்டுக்காரரு, என் தம்பி மாதிரி. படுக்கைய உட்டு எழுந்து, தன் கால்லயே இந்த சபைக்கு வந்தாரு. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்றாய்.

எல்லாரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே யாரும் இல்லை.

போதகர் தடுமாறிப்போனார். "அம்மா, அவரு இன்னும் படுக்கைலதானே இருக்காரு? முடிஞ்ச காரியத்தத்தான் சாட்சியா சொல்லணும்."

"ஆண்டவரு முடிச்சிருவாரு ஐயா. அன்னிக்கி எனக்கு ஷிஃப்ட்டு மாட்டிக்கினா யாரு சொல்றது? அதான் இப்பவே சொல்லிக்கிறேன்."

பின்வரிசையில் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. திரும்பி வரும் வழியில் உன்னோடு சண்டைக்கு வந்தேன்.

"மானத்த வாங்கிட்டியே யக்கா. அவரு எழுந்துக்கலன்னா நாளைக்கி ஊரு இன்னா சொல்லும்?"

"என்னத் திட்டும். உன்ன ஏன் திட்டப் போவுது? வாய மூடிக்கினு வெந்நி வை, போ."

அன்று சாயங்காலமே தைலத்தோடு வந்து அவர் கால்மாட்டில் உட்கார்ந்தாய். ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த மாதிரி காலை மடக்கி, நீட்டி, மறுபடி மடக்கி. பிறகு ஷிஃப்ட் முடிகிற ஒவ்வொரு நாளும் வந்தாய். அவருக்கு எரிச்சல்.

"செத்த காலப் போயி இன்னாத்துக்கு யக்கா இழுத்துக்கினு கீற?"

"செத்துட்டேன்னு அது உன்கிட்ட சொல்லிச்சா? மடக்குடா."

தெருவுக்கே கேட்கும்படி ஜெபம் செய்வாய். நடுவில் நிறுத்திவிட்டு, "ஏய், வெரலு அசைஞ்சிச்சா, ஈயா?" என்பாய். ஈதான். விட்ட இடத்திலிருந்து ஜெபத்தைத் தொடருவாய். எனக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும்.

ஒருநாள் தாங்காமல் கேட்டேன். "நெஜமாவே நம்புறியா யக்கா?"

"நம்பலன்னா பஸ்ஸ உட்டு எறங்கனதும் நேரா என் ஊட்டுக்குப் போயி படுத்துருப்பேன்டி. எனக்கே இடுப்பு ஒடியுது."

அவர் பெருவிரல் அசைந்ததை நீ பார்த்தாய். அது ஈ இல்லை. கட்டில் ஓரத்தில் அவர் உட்காரப் பழகியதையும் பார்த்தாய். நின்றதைத்தான் பார்க்கவில்லை. மழைக்காலத்தில், எனக்கு எதிரே வேலை செய்துகொண்டிருந்த நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. உனக்காக முன்கூட்டி ஒரு சாட்சி சொல்ல எனக்கு நேரமே கிடைக்கவில்லையே, அக்கா.

அடக்கம் முடிந்து வந்து ஆண்டவரிடம் நான் பேசிய பேச்சை இதில் எழுத முடியாது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால், மறுநாள் சாயங்காலம் என் வீட்டுக்காரரே என்னைக் கூப்பிட்டார். "தைலத்த எடுத்துக்கினு வா. யக்கா சபைல அத்தினி பேரு முன்னாடி சொல்லிட்டுப் போயிருக்குது. அத பொய்யாக்கச் சொல்றியா?" என்றார். அன்றிலிருந்து நான் மடக்கி நீட்டினேன். உன் கைப் பக்குவம் எனக்கு வராது. ஆனாலும் விடவில்லை.

போன ஞாயிறு அவர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு சபைக்கு வந்தார். ஒரு காலை ஊன்றி, இன்னொன்றை இழுத்து. நான் தாங்கப் போனால் கையைத் தட்டிவிட்டார். உள்ளே நுழைந்ததும் பாட்டு அப்படியே நின்றுபோனது. போதகர் மைக்கை நீட்டி, "தம்பி, நீங்களே சாட்சி சொல்லுங்க" என்றார்.

இவருக்கு மூச்சு வாங்கியது. "நான் சொல்றதுக்கு இன்னா கீது ஐயா? யக்காதான் அப்பவே சொல்லிச்சே" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். உன் மகள் வாய்விட்டு அழுதாள். நான் அழவில்லை. உன்னை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

இனிமேல் வாக்கர் இல்லாமல் நடப்பது சந்தேகம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சரிங்க என்று கேட்டுக்கொண்டு வந்தேன். வீட்டில் அவரைச் சுவரோரம் வாக்கரைப் பிடிக்காமல் நிற்கவைக்கிறேன். சாய்கிறார், பிடித்துக்கொள்கிறேன், மறுபடி நிற்கவைக்கிறேன். பயம் எனக்கு இன்னும் இருக்கிறது. கூச்சம்தான் போய்விட்டது. அந்தத் துணிச்சல் நீ கொடுத்தது.

வருகிற ஞாயிறு நான் எழுந்து நிற்கப்போகிறேன், அக்கா. வாக்கரைத் தூக்கிப் பரண்மேல் போட்டாகிவிட்டது, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்று சொல்லப்போகிறேன்.

அது இப்போது கட்டில் பக்கத்தில்தான் நிற்கிறது.