எட்டுக்குக் கீழே

மே 6, திங்கள்

இன்று முதல் எனக்கு இரண்டு நோட்டுப் புத்தகம். ஒன்று கிளினிக்கில் உணவு ஆலோசகர் சாந்தினி கொடுத்தது. வாயில் போடுவதையெல்லாம் அதில் மலாயில் எழுதி அவளிடம் காட்ட வேண்டும். இன்னொன்று இது. யாருக்கும் காட்டப் போவதில்லை, அதனால் தமிழில் எழுதுகிறேன்.

மாத்திரை விழுங்கியும் மூன்று மாதச் சராசரி சர்க்கரை 10.2. ஆகஸ்டு ஏழாம் தேதி மறுபடியும் ரத்தம் எடுப்பார்களாம். எட்டுக்குக் கீழே வந்தால் கம்பெனியின் மருத்துவப் பாரத்தில் டாக்டர் கையெழுத்துப் போடுவார். வராவிட்டால் இன்சுலின் ஊசி. ஊசி போடுகிறவன் எங்கள் கம்பெனியில் பஸ் ஓட்டக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

இருபத்திரண்டு வருடமாகக் கோலா கெத்தில் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டங்களிலிருந்து சுங்கை பட்டாணி தொழிற்சாலைகளுக்குப் பெண்களை ஏற்றிப் போகிறேன். எந்த வளைவில் எத்தனை மாடு படுத்திருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். (கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதில்லை.) பஸ் போனால் எனக்கு வேறு என்ன தெரியும்?

மனைவி பிரேமாவிடம் சொல்லவில்லை. அவள் ஜொகூருக்குப் போய் இரண்டு வாரமாகிறது. மகள் நளினிக்கு ஆறாவது மாதம். கட்டிலை விட்டே இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் வாயைத் திறந்தால் இவள் மகளை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாள். குழந்தை பிறக்கட்டும், பிறகு பார்ப்போம்.

சமையலில் எனக்கு முட்டை அவிக்கத் தெரியும். மற்றதெல்லாம் கடைதான். அதையும் சாந்தினியிடம் சொன்னேன். "பரவால்ல அங்கிள். சோறு, ரொட்டி, மீ, சீனி. இந்த நாலையும் தள்ளி வெச்சிட்டு மத்தத சாப்பிடுங்க லா," என்றாள்.

நாலே நாலுதானே!

மே 7, செவ்வாய்

காலை ஐந்து மணிக்குத் திறந்திருக்கிற கடையில் என்ன இருக்கிறது? நாசி லெமாக், அது சோறு. ரொட்டி சானாய், பெயரிலேயே ரொட்டி. மீ கோரேங், வறுத்த நூடுல்ஸ். தே தாரேக் தேநீரில் சீனியும் பாலும். அந்தப் பெண் சொன்ன நாலையும் தள்ளி வைத்தால் மிச்சம் இருப்பது மேசையும் நாற்காலியும்தான்.

அரைவேக்காட்டு முட்டை இரண்டு. சீனி போடாத கறுப்புத் தேநீர். ஏழு மணிக்கே ஸ்டியரிங்கைக் கடித்துத் தின்றுவிடலாம் போல இருந்தது.

மே 9, வியாழன்

மதியம் அபூபக்கர் கடை. நாசி கண்டார் கடை, சோறும் பத்துப் பதினைந்து கறியும். எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். இருபது வருடமாக என் தட்டில் என்ன விழ வேண்டும் என்று நான் சொன்னதே இல்லை, அவர்தான் போடுவார். இன்று முதல்முறையாக வாயைத் திறந்தேன்.

"நானா, சோறு வேணாம்."

கரண்டி அந்தரத்தில் நின்றது. "சோறு வேணாமா? அப்புறம் எதுக்குடா தம்பி கடைக்கு வந்தே?"

காரணத்தைச் சொன்னேன். எட்டு என்ற கணக்கையும் சொன்னேன். மனிதர் முகம் வாடிவிட்டது. பிறகு ஒரு பெரிய கோழித்துண்டு, முட்டைக்கோசு, வெண்டைக்காய், அவித்த முட்டை என்று வைத்து, எல்லாவற்றின் மேலும் குழம்பைக் கொட்டினார். இங்கே அதற்கு பன்ஜிர் என்று பெயர், அதாவது வெள்ளம். நாலைந்து கறிக் குழம்பும் கலந்து தட்டில் அணை உடைந்த மாதிரி நிற்கும். குழம்பில்லாத நாசி கண்டாரை யாரும் நாசி கண்டார் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

விரலை நக்கிக்கொண்டு எழுந்தேன். இது முடியும் என்று தோன்றியது.

சாந்தினி நோட்டில்: கோழி, கோசு, வெண்டைக்காய், முட்டை.

மே 10, வெள்ளி

பசி.

மே 19, ஞாயிறு

சுங்கை பட்டாணியில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. ஓட்டுநர்கள் நாலு பேர் போனோம். சோற்று வாளியோடு வந்தவனிடம் வேண்டாம் என்றேன். நகர்ந்தான். சாம்பார் வாளியோடு வந்தவன் இலையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் நின்றான். சோற்றுக்காரனைக் கூப்பிட்டு, "இவருக்கு நீ போடலையா?" என்று சத்தம் போட்டான். மறுபடி சோறு வந்தது. மறுபடி வேண்டாம் என்றேன். கடைசியில் முதலாளியே எழுந்து வந்து, "ஏதாவது குறையாண்ணே?" என்று கேட்டார். கடை முழுவதும் திரும்பிப் பார்க்கிறது.

"சக்கரை," என்றேன் மெதுவாக.

"ஓ, அப்ப கொஞ்சமா போடுறேன்," என்று அவரே ஒரு கரண்டி வைத்துவிட்டுப் போனார்.

அந்தச் சோற்றை இலையின் மூலைக்குத் தள்ளி, அதைச் சுற்றிச் சாப்பிட்டேன். தொடவில்லை. சத்தியமாகத் தொடவில்லை. ஆனால் கண் அங்கேயேதான் இருந்தது.

மே 28, செவ்வாய்

தினமும் சாயங்காலம் ஆறரைக்குப் பிரேமா போன் செய்வாள். அந்த நேரம் தொழிற்சாலை வாசலில் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருப்பேன். முதல் கேள்வி மாறாது.

"சாப்ட்டீங்களா?"

"சாப்ட்டேன்."

"சோறு சாப்ட்டீங்களா?"

"சாப்ட்டேன், சாப்ட்டேன்."

கல்யாணமாகி முப்பது வருடத்தில் இவளிடம் இத்தனை பொய் சொன்னதில்லை. தினம் ஒன்று. அதுவும் சோற்றுக்காக!

ஜூன் 6, வியாழன்

தேவன் கூப்பிட்டுப் பேசினார். அலுவலகத்தில் ஓட்டுநர்களைப் பார்த்துக்கொள்பவர், நல்ல மனுஷன். "அண்ணே, பாரம் ஆகஸ்டுல வந்தே ஆகணும். நான் ஒண்ணும் பண்ண முடியாது." மாதம் ஆகிறது, சோறு தொடவில்லை என்றேன். "அப்ப கவலைய விடுங்க," என்றார்.

விட்டுவிட்டேன். பஸ்ஸில் முன்சீட்டில் உட்காருகிற அழகம்மாகூட, "மெலிஞ்சிட்டீங்கண்ணே, அக்கா வந்தா எங்களத்தான் திட்டும்," என்றாள்.

ஜூன் 19, புதன்

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நானா கடை மூடி நாலு நாள். அவித்த முட்டை, தவ்வு என்கிற சோயாக்கட்டி, வெள்ளரிக்காய். வாழ்க்கை வெறுத்துவிட்டது. அதிசயமாக உடம்பு மட்டும் லேசாக இருக்கிறது, அடிக்கடி ஒன்றுக்குப் போவதும் இல்லை. லீவில் நன்றாகத் தூங்கியதால் இருக்கும். நாளை கடை திறப்பார். அப்பாடா.

ஜூலை 2, செவ்வாய்

சாந்தினி நோட்டைப் புரட்டிப் பார்த்து, "சூப்பர் அங்கிள்! எல்லாரும் உங்கள மாதிரி இருந்தா எனக்கு வேலையே இல்ல," என்றாள். ஐம்பத்து நாலு வயதில் பள்ளிக்கூடத்தில் நட்சத்திரம் வாங்கிய சந்தோஷம். விரலில் குத்திப் பார்க்கும் கருவி ஒன்றை இரவல் கொடுத்தாள். சாப்பிடுவதற்கு முன் ஒரு முறை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை. இது சராசரி இல்லை, அந்த நேரத்துச் சர்க்கரை; சாப்பிட்ட பிறகும் பத்தைத் தாண்டக் கூடாதாம்.

ஜூலை 4, வியாழன்

நானா கடை. முன்னால் 8.1. இரண்டு மணி நேரம் கழித்து 16.3.

கருவி கெட்டுவிட்டது.

ஜூலை 5, வெள்ளி

16.9. வேறு விரல். 17.1.

கருவி கெடவில்லை. என்னடா இது? சோறு இல்ல, ரொட்டி இல்ல, மீ இல்ல, சீனி இல்ல. இன்னும் என்னத்தத்தான் விடச் சொல்றீங்க? காத்தக் குடிச்சிட்டா பஸ் ஓட்டுறது?

ஜூலை 7, ஞாயிறு

கூட்டம் குறைந்த பிறகு நானா கடையின் பின்கட்டுக்குப் போனேன். இருபது வருடத்தில் இன்றுதான் முதல் தடவை. சமையல்காரர் கோழிக்குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தார். கிச்சாப் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தார். அந்தக் கறுப்பு, இனிப்புச் சோயாக் கிச்சாப். ஒன்று முடிந்ததும் இன்னொன்று. பிறகு ஒரு டின்னிலிருந்து வெள்ளையாக மூன்று கரண்டி.

"நானா, அது உப்பா?"

"உப்பா? சீனிடா. சீனி இல்லாம அந்தக் கறுப்பும் மினுமினுப்பும் எப்படி வரும்? எங்க வாப்பா காலத்துப் பக்குவம்." பெருமையாகத்தான் சொன்னார்.

நான் பக்கத்திலிருந்த அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். 17.1 என்ற கணக்கைச் சொன்னேன். அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அவரும் எதிரே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, ஒண்ணு சொல்லணும். நீ சோறு வேணாம்னு சொன்னதுலேர்ந்து, பசியோட எந்திரிச்சுப் போறியேன்னு மனசு கேக்கல. உன் தட்டுக்கு மட்டும் ரெண்டு கரண்டி கூட ஊத்துனேன். தினமும்."

அவரை என்ன சொல்வது? இனிப்பு என் நாக்குக்குத் தெரியாமலா இருந்தது? இருபது வருடமாகத் தெரியும். கோழி எழுதினேன், கோசு எழுதினேன், வெண்டைக்காய் எழுதினேன். அந்த நோட்டில் ஒரு நாளாவது குழம்பு என்று எழுதியிருந்தால் சாந்தினி அன்றைக்கே பிடித்திருப்பாள். எழுதத் தோன்றவில்லை. குழம்பை யாராவது சாப்பாடு என்று எண்ணுவார்களா? சாப்பாடு என்றால் சோறு, தொட்டுக்கொள்ளக் கறி. குழம்பு சும்மா ஊற்றுவது.

இரண்டு மாதம் போய்விட்டது. சும்மா ஊற்றியதில்.

ஜூலை 9, செவ்வாய்

நானா கோழியை வெந்நீரில் அலசிக் கொடுத்தார். தொண்டையில் இறங்கவில்லை. 9.0.

ஜூலை 21, ஞாயிறு

8.4. 8.2. 7.9. அலசிய கோழி, அலசிய மீன். நானா தட்டை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார். எனக்குச் சோகம் தட்டில் இருக்கிறது, அவருக்கு அதைப் பரிமாறுவதில்.

இன்னும் பதினேழு நாள். வரும். வர வேண்டும். வருமா?

ஆகஸ்டு 7, புதன்

8.6.

மூன்று மாதச் சராசரியாம். நான் குழம்பை விட்டதற்கு முந்தைய நாட்களின் கணக்கும் அந்த ரத்தத்தில் இன்னும் இருக்கிறதாம். இன்னும் ஒரு மாதம் கொடுங்கள் டாக்டர் என்று கேட்டேன். கெஞ்சினேன் என்றே எழுதலாம், இங்கே யார் பார்க்கப் போகிறார்கள்? "பாரத்துக்கு இன்னைக்கு எடுத்த ரத்தம்தான் கணக்கு. சிறுநீரகமும் லேசா கெட ஆரம்பிச்சிருக்கு, இனிமே தள்ளிப்போட முடியாது," என்றார். மாத்திரையும் இதற்கு மேல் கூட்ட முடியாதாம். வரும் திங்கள் மாலை தொடங்கி, காலையும் மாலையும் ஊசி.

சாந்தினியின் கண் கலங்கியிருந்தது. "அங்கிள், ஊசி போட்டா வெறும் வயித்துல இருக்கக் கூடாது. சக்கரை ரொம்ப எறங்கி மயக்கம் வந்துரும். உங்க கைப்பிடி அளவுக்குச் சோறு சாப்ட்டே ஆகணும்."

சோறு.

சிரித்துவிட்டேன். அவளுக்கு ஏன் என்று புரியவில்லை.

ஆகஸ்டு 8, வியாழன்

சாவியைத் தேவனிடம் கொடுத்தேன். பஸ் கழுவும் இடத்தில் வேலை போட்டுத் தருகிறாராம். சரி என்றேன். வேறு என்ன சொல்ல? என் பஸ்ஸை நானே கழுவலாம்.

ஆகஸ்டு 9, வெள்ளி

காலை ஐந்தரைக்கு அழகம்மா போன். "அண்ணே, புது ட்ரைவர் எங்களத் தாண்டிப் போய்ட்டாரு. பால் கொட்டாய்கிட்டத்தான் நிப்போம்னு நீங்க சொல்லலியா?" யாரும் என்னைக் கேட்கவில்லை அழகம்மா. அதைச் சொல்லாமல் புது ஓட்டுநரின் நம்பரை மட்டும் கொடுத்தேன்.

ஆகஸ்டு 10, சனி

நளினிக்குப் பெண் குழந்தை. இருவரும் நலம். பிரேமா போனில் அழுதுகொண்டே சிரித்தாள். இன்று சொல்ல மனம் வரவில்லை.

ஆகஸ்டு 12, திங்கள்

சாயங்காலம் ஆறரை, நானா கடையின் மூலை மேசை. வயிற்றில் ஊசி போடச் சட்டையைத் தூக்க வேண்டும். கடை நிறையக் கூட்டம். கையில் ஊசியோடு விழித்துக்கொண்டிருந்தேன். நானா பார்த்துவிட்டார். கரண்டியைப் போட்டுவிட்டு வந்து, தோளில் கிடந்த துண்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"போடு தம்பி. யாரும் பாக்கல."

ஊசியைப் போட்டு எடுக்கும்போது பிரேமாவின் போன்.

"சாப்ட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"என்னங்க, எஞ்சின் சத்தத்தையே காணோம்?"

நானாவின் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய மஞ்சள் கறை, கிச்சாப் கறை. அவர் அசையவில்லை.

"பஸ் எங்கிட்ட இல்ல பிரேமா. இப்ப ஊசி போட்டிருக்கேன். போட்டதும் சாப்பிடணுமாம்."

அந்தப் பக்கம் குழந்தை மட்டும் அழுதது. பிறகு, "நானா பக்கத்துல இருக்காரா? அவருகிட்டக் குடுங்க," என்றாள்.

நானா துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு போனை வாங்கினார். "சரிம்மா... சரிம்மா... நான் பாத்துக்கிறேன்மா," என்பது மட்டும் கேட்டது. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். தட்டோடு வந்தார். சாந்தினியின் கைப்பிடிக் கணக்கை அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன். என் வலது கையைப் பிடித்து விரலை மடக்கி, அந்தப் பிடியின் அளவைப் பார்த்து, தட்டில் இருந்த சோற்றில் ஒரு கரண்டியைத் திரும்ப எடுத்தார். குழம்பு ஊற்றவில்லை.

மூன்று மாதம் கழித்துச் சோறு. வெறும் சோறு. அலசிய கோழியைத் தொட்டுக்கொண்டு கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டேன்.