குளிருக்கு அசையாத வெடிமருந்து

அன்புள்ள அம்மா,

நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? வயோமிங்கில் இன்னும் பனி உருகவில்லை. கவலைப்படாதே, அடுப்பு நன்றாக எரிகிறது.

ஒரு நல்ல செய்தி. குட்டி போடும் ஆடுகளை ஒரு கொயோட் நரி சுற்றிக்கொண்டிருந்தது. நான் சுட்ட குண்டெல்லாம் அதன் காலடி மண்ணில்தான் பாய்ந்தன. "நரியைச் சுடச் சொன்னா மண்ணைச் சுடறியே, ஜனீன்! ஒரு குட்டி செத்தாலும் காவலுக்கு வேற ஆளைத்தான் பாக்கணும்" என்றார் பண்ணைக்காரர் டால்மன்.

என் குறி தவறவில்லை அம்மா. அந்தத் தோட்டாக்களைக் கோடையில் நானே நிரப்பியிருந்தேன். அதிலிருந்த வெடிமருந்து கடுங்குளிரில் வேகம் இழக்கிறது, குண்டு தாழ்ந்துவிடுகிறது. ஆகவே தோட்டா நிரப்பும் கையேட்டைப் பார்த்து, என் லேசான குண்டுக்குப் பொருந்துகிற, குளிரிலும் வெயிலிலும் ஒரே மாதிரி எரிகிற மருந்தாக வாங்கினேன்.

"மருந்தை மாத்தினா நரி பயந்துடுமா?" என்று சிரித்தார் டால்மன்.

புதிதாக நிரப்பி, உறைபனியிலேயே அட்டையில் சுட்டுப் பார்த்தேன். ஐந்து ஓட்டைகளும் ஒரு நாணய அளவுக்குள் அடங்கின.

நேற்று விடிகாலையில் நரி வந்தது. ஒரே குண்டில் சுருண்டு விழுந்தது! டால்மன் தொப்பியைக் கழற்றினார். "அடுத்த வருஷமும் நீதான் வரணும்மா. என் துப்பாக்கிக்கும் நீயே நிரப்பிக் குடுத்துடு" என்றார்.

இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை அனுப்பு. நம் ஊர்ச் செய்தித்தாளும் வேண்டும், பழையதானாலும் பரவாயில்லை. இந்த வெற்றிக் கதையை முதலில் ஆடுகளிடம்தான் சொன்னேன்.

தபால் வண்டி வந்துவிட்டது. குட்டிகள் தாய்களோடு படுத்திருக்கின்றன, ஒன்றுகூடக் குறையவில்லை.

உன் மகள்,
ஜனீன்