மத்தியான ரெயிலுக்குக் காத்திருந்த அப்பாவுக்கு

என் அன்புள்ள ஸ்டேசன் மாஸ்டர் அப்பா,

நீங்கள் போய் இன்று முப்பத்தோராம் நாள். அந்தியேட்டிக் கிரியை முடிந்து, வந்தவர்கள் பலகாரத்தின் மிச்சத்தையும் ஊர்க்கதையின் மிச்சத்தையும் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சுன்னாகத்து மாமி மட்டும் வாசல் படலையடியில் நின்று, "தம்பி, நீ செய்த மர ரெயிலை இனி அடுப்பிலை வைக்கலாம்தானே?" என்று கேட்டார். அவருக்கு வாய் மட்டும் கிழடாகவில்லை.

நினைவு மங்கி, உங்கள் கைகள் சும்மா இருக்கமாட்டாமல் போர்வையைப் பிய்க்கத் தொடங்கியபோது நான் செய்த விளையாட்டுச் சாமான் அது. ஐந்து பெட்டிகள், கொளுவக் கொக்கிகள். சுத்தியல் ஆணியை விட என் விரலில்தான் கூடப் பட்டது. சக்கரமாக நான் வெட்டிய சில்லுகளைப் பார்த்த உங்கள் மருமகள், "தோசை நல்லா வந்திருக்கு" என்றாள். நீங்களோ மணிக்கணக்காய்க் கொளுவினீர்கள், கழற்றினீர்கள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "நல்ல வேலை, ஓடாவியார்" என்றீர்கள்.

ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு மகன் பதவி போய், ஓடாவியாய்த் தச்சுவேலை கிடைத்தது.

"எனக்கும் ஒரு மகன் இருக்கிறான், ஓடாவியார். பேப்பரிலை பகிடி எழுதிறான். வாசிச்சால் ஒரு சிரிப்பும் வரேல்லை."

"ஓம் ஐயா, நானும் வாசிச்சனான். பெரிய அறுவை."

வயிறு குலுங்கச் சிரித்தீர்கள். என்னோடு நீங்கள் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. அந்த ஆசையில்தான் அப்பா, நான் யார் என்று சொல்லாமல் ஓடாவியாகவே இருந்துவிட்டேன். மாதக்கணக்காய்.

கடைசி நாள் காலை, ஐந்து பெட்டிகளையும் கொளுவி முடித்துவிட்டு, "மகன் எப்ப வாறான்?" என்று கேட்டீர்கள். பழகின பொய்தான் வாயில் வந்தது.

"மத்தியான ரெயிலிலை வாறார், ஐயா."

"அப்ப அந்த வெள்ளைச் சேட்டைப் போட்டுவிடும்."

சட்டைப் பொத்தான்களை நான்தான் பூட்டினேன். பதினொரு மணிக்கு, வாசலைப் பார்த்தபடியே போய்விட்டீர்கள். உங்கள் கை என் கையில் இருந்தது. அது யாருடைய கை என்று நினைத்தீர்கள், அப்பா?

உங்கள் ரெயில் அடுப்புக்குப் போகாது. மானிப்பாயில் ஒரு முதியோர் இல்லத்தில் மறதியோடு இருக்கும் நாலு பேருக்கு இப்போது ரெயில் செய்கிறேன். சில்லு கொஞ்சம் வட்டமாகியிருக்கிறது. அவர்கள் என்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும், நான் யார், யாருடைய மகன் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் பெட்டியைக் கையில் கொடுப்பேன். அவர்கள் சிரிக்காவிட்டாலும் பரவாயில்லை.

மத்தியான ரெயிலுக்கு முன்னமே வந்து, உங்கள் பக்கத்தில் இருந்த,
உங்கள் மகன்